இரண்டு இடது இறக்கை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுகிறேன்.

இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரை போன மாதம் இருந்த இடத்திலேயே நிற்கிறது, முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் அந்தக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ மூன்று கேள்வி கேட்கிறாய், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சித்தி வந்தாங்களா. நான் மூன்று ஆமாம் சொல்கிறேன். அப்புறம் போன் சின்னக்குட்டி கைக்குப் போய்விடுகிறது, அவள் எனக்கு உங்கள் வீட்டு உத்தரத்தைக் காட்டுகிறாள், தன் மூக்குத் துவாரத்தைக் காட்டுகிறாள், அதோடு கட். ஏழு மாதமாக இப்படித்தான் ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, நாலாவது கேள்வி கேட்டிருந்தால் நானும் மழுப்பித்தான் இருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன், எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சித்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறாள். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து டப்பா டப்பாவாக அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போகிறாள். திங்கட்கிழமையன்று செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்துவிட்டால் பரீட்சையில் காப்பி அடித்தவன் மாதிரி எனக்கே திருட்டு முழி வந்துவிடுகிறது. சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள், இப்போது ஊரில் உள்ள தூசி முழுவதும் தெரிகிறதாம், இத்தனை வருஷம் வீட்டைக் கூட்டவே இல்லையா என்று சித்தியைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தார். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். மாடியில் குடியிருந்த நர்ஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், போகும்போது அவளுடைய செடித் தொட்டி இரண்டை என் தலையில் கட்டிவிட்டாள், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், என்ன செடி என்று இன்னும் தெரியவில்லை.

சித்திக்கு என் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல், நான் இன்னும் அழவில்லை என்பது. போன வாரம்கூட பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, அத்தான், ஒரு தடவை உக்காந்து நல்லா அழுதுடுங்க, உடம்புக்கு நல்லது என்றாள், டானிக் குடிக்கச் சொல்கிற மாதிரி. சரி பார்க்கிறேன் என்றேன். முயற்சி பண்ணாமல் இல்லை. அம்மாவின் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்து பார்த்தேன். புடவைகள் இருந்தன. மடிப்புக் கலையாமல் இருந்தன. மூடிவிட்டு வந்து செவ்வாய்க்கிழமை டப்பாவைச் சாப்பிட்டேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது. கன்னம் இருக்கிற இடம் தெரியும், தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எதையும் மெல்லாதீர்கள், உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டால்கூடத் தெரியாது என்று எங்கள் டாக்டர் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவார். நாற்பது வருஷம் அவருக்குப் பின்னால் இருந்த அறையில் பல் செட் செய்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கென்று வந்தபோது மென்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இனி உனக்குப் பிடிக்காத பேச்சு. அந்த மர விமானத்தைப் பற்றி. கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, இதற்காகத்தான் எழுதுகிறேன். உன் பழைய அறையில், நீ படித்த மேஜை மேல்தான் இன்னும் அது நிற்கிறது. பெட்டியைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த அறை வாசலில் நின்று நீ சொன்னாயே, அம்மா போற நேரத்துல நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டு இருந்தீங்கப்பா என்று. கத்திக்கூடச் சொல்லவில்லை. நீ சொன்னது உண்மை. உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

அதற்கு முன் செய்த நாலு விமானங்களும் என் ஆசைக்குச் செய்தவை, கடையில் வரைபடம் கிடைத்தது, அதைப் பார்த்துச் செய்தேன். இது அம்மா கேட்டது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், அவள் பழைய பெட்டியைத் தட்டிக் கொட்டும்போது ஒரு போட்டோ கிடைத்தது. உன் தாத்தா, அதாவது அவள் அப்பா, ஒரு விமானத்தின் மூக்கருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தபால் விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்தது உனக்குத் தெரியும். தபால் மூட்டைக்காக வயிற்றை அகலமாக வைத்துக் கட்டிய ஒற்றை எஞ்சின் விமானம், அதனால் மெக்கானிக்குகள் அதைத் தொப்பை என்றுதான் கூப்பிடுவார்களாம். மொத்தமே மூன்று கட்டினார்கள். ஒன்று எரிந்தது, ஒன்றைப் பிரித்துவிட்டார்கள், மூன்றாவதைத் தாத்தா பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டார். செய்த கம்பெனியும் இல்லை, வரைபடமும் இல்லை. விமானங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு எழுதிக் கேட்டேன், எஞ்சினின் அளவு மட்டும் எங்களிடம் இருக்கிறது, உங்களிடம் போட்டோ இருந்தால் எங்களுக்கு ஒரு நகல் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. கேட்கப் போனவனிடமே கேட்டுவிட்டார்கள். ஆக எனக்குக் கிடைத்தது அந்த ஒரு போட்டோதான், அதுவும் விமானத்தின் இடது பக்கத்திலிருந்து எடுத்தது.

அளவு எப்படி எடுத்தேன் என்று கேட்டால் சிரிப்பாய். தாத்தாவின் உயரத்தை வைத்து. அவருடைய பணிப் புத்தகத்தில் ஐந்தடி எட்டங்குலம் என்று இருந்தது, போட்டோவில் அவர் இத்தனை மில்லிமீட்டர் என்றால் விமானம் எத்தனை என்று கணக்குப் போட்டு, அசலில் ஓர் அடி இருந்தால் என்னிடம் அரை அங்குலம் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்து முடித்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கப்பா ஐந்தடி ஆறுதான், வேலைக்குச் சேரும்போது ரெண்டு அங்குலம் கூட்டிச் சொன்னார் என்றாள். இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். நீங்க எங்க கேட்டீங்க என்றாள். எல்லாவற்றையும் அழித்து மறுபடி வரைந்தேன். ஓட்டுநர் இருக்கையை மட்டும் பல் செட் செய்கிற பிளாஸ்டிக்கில் வார்த்தேன், வீட்டில் மிச்சம் கிடந்தது அதுதான், அது ஈறு நிறம், இளஞ்சிவப்பு. பைலட் ஈறு மேல உக்காந்து பறக்கப் போறார் என்று அம்மா சித்தியிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவளை விட்டுவிட்டு ஒரு பொம்மையோடு உட்கார்ந்திருந்தேன் என்று நீ நினைக்கிறாய். பெரும்பாலும் அவளும் அந்த அறையில்தான் இருந்தாள், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, ஏதாவது பேசிக்கொண்டு.

நான் சரியாகக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் போட்டோவில், இடது பக்கத்தில், கதவே கிடையாது. மூட்டை ஏற்ற எங்கேயாவது கதவு இருந்தாக வேண்டும், அப்படியானால் அது வலது பக்கத்தில். சின்ன வயதில் அம்மா அந்தக் கதவு வழியாக உள்ளே ஏறியிருக்கிறாள், தாத்தா தூக்கி விட்டிருக்கிறார். ஒருநாள் நான் இடது இறக்கைக்குள் குறுக்கே வரும் விலாக்களை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஆரம்பித்தாள், அந்தக் கதவுல எங்கப்பா என்று. நான் விலாவை எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது. ம் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லி முடித்தாள், சிரித்தாள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம், கேட்டீங்களா என்றாள். கேட்டேன் என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரியும். சரி, அந்தப் பக்கம் வரும்போது மறுபடி சொல்றேன் என்றாள். எட்டாவது விலா சாய்ந்திருந்தது இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது, அவள் சொன்னதில் ஒரு வார்த்தை நினைவில்லை.

அந்தப் பக்கம் வருவதற்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீ லீவு போட்டு ஓடி வந்தாய், பகலெல்லாம் நீயே பார்த்துக்கொண்டாய். ஒன்பதாவது நாள், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, தொப்பை முடிஞ்சிருச்சா என்று கேட்டாள். அப்போது அதற்கு ஒற்றை இறக்கைதான், பெயிண்டும் இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் வெறும் மரக்கூடு. அவள் முகத்தைப் பார்த்தேன், முடிஞ்சிருச்சு என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். அவள் கண் பெரிதானது. பெயிண்ட் அடிச்சாச்சா என்றாள். அடிச்சாச்சு என்றேன். பதினோராவது நாள் காலையில் டாக்டர் வந்து, இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார், உனக்கும் நினைவிருக்கும், நீகூட அம்மாவின் சீப்பை எடுத்துப் பையில் போட்டாய். மத்தியானம் நீ ஜன்னலோரம் உன் ஆபீஸோடு பேசிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து மெதுவாக, வீட்டுக்கு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாது, இப்பவே பாக்கணும், கொண்டு வாங்க என்றாள். உன் காதில் விழக்கூடாது என்று மெதுவாகச் சொன்னாள், நீ ஏற்கனவே இரண்டு தடவை அந்த விமானத்துக்காக என்னைத் திட்டியிருந்தாய். அதனால்தான் எங்கே போகிறீர்கள் என்று நீ கேட்டபோது வீட்டில் ஒரு வேலை என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனால் உடைந்துவிடும் என்று சொல்லிவிட்டு போனில் ஒரு படம் எடுத்துக் காட்டிவிடலாம். இடது பக்கத்திலிருந்து எடுத்தால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது முழு விமானம், தாத்தாவின் போட்டோ மாதிரியேதான் இருக்கும். மிச்சத்தை அவள் வீட்டுக்கு வருவதற்குள் எப்படியாவது செய்துகொள்ளலாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்தேன். அது உயிர் பெறுகிற வரை சும்மா இருப்பானேன் என்று விமானத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், மூக்கில் ஒரு மேடு. படத்தில் தெரியுமே, அவளுடைய அப்பா நிற்கிற இடமாயிற்றே என்று உப்புத்தாளை எடுத்தேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியது மூன்று மணி பத்து நிமிஷம். சித்தப்பா வந்து கதவைத் தட்டியபோது மணி நாலு இருபத்தைந்து. நீ எட்டுத் தடவை கூப்பிட்டிருந்தாய் என்று அப்புறம்தான் பார்த்தேன். சட்டை முழுவதும் மரத்தூளோடு வந்து நின்றேன், நீ என் சட்டையைத்தான் முதலில் பார்த்தாய்.

இதைச் சொன்னால் நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், அம்மாவிடம் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும், அவள் போகிற நேரத்தில் அந்தப் பொய்க்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிட நீ நினைக்கிற மாதிரி கல்நெஞ்சுக்காரனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

நீ கிளம்பிப் போன பிறகு நான் வேலையை நிறுத்தவில்லை. சித்தி அந்த அறையைப் பூட்டிவிடலாமா என்றுகூடக் கேட்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து அடுத்த வேலையைச் செய்தேன். பட்டியலில் நாற்பத்தொரு வேலை, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வருவேன். இருபத்தேழு, வலது இறக்கை விலா வெட்டுதல். இருபத்தெட்டு, ஒட்டுதல். இருபத்தொன்பது, காகிதம் போர்த்துதல். நாலு வாரம் ஆனது. சாப்பிட்டேன், தூங்கினேன், உன் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னேன். எதுவும் கனமாக இல்லை, எதுவும் லேசாகவும் இல்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடிகாரக்காரர் வந்தார். உனக்கு அவரைத் தெரியும், கடைத்தெரு முனையில் கடிகாரம் ரிப்பேர் செய்வாரே, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே சினிமாவுக்குப் போனவர் என்று நீ கேலி செய்வாயே, அவர்தான். ஓட்டுநர் முன்னால் வைக்கிற குட்டி மீட்டர்களுக்காகப் பெண்கள் கட்டும் வாட்ச்சின் முட்கள் இரண்டு கொண்டு வந்தார். இரண்டு இறக்கையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், மறுபடி பார்த்தார். பிறகு, சார், கோவிச்சுக்காதீங்க, ரெண்டுமே ஒரே கையா இருக்கே என்றார்.

இரண்டுமே இடது இறக்கை. இறக்கையின் முன்விளிம்பு தடிமனாக இருக்கும், பின்விளிம்பு மெல்லியதாக இருக்கும், மேல்பக்கம் வளைவு, அடிப்பக்கம் தட்டை, நுனி பின்னால் சாய்ந்திருக்கும். இடதைத் திருப்பிப் போட்டு வலதாக்க முடியாது, இரண்டு இடது கால் செருப்பை வைத்துக்கொண்டு நடக்க முடியாது இல்லையா, அதுதான். நாலு வாரம் என் கண் முன்னால் கிடந்திருக்கிறது. நாற்பது வருஷத்தில் எத்தனை வாய்க்குப் பல் கட்டியிருப்பேன், ஒருத்தர் வாயிலும் இடது கடைவாய்ப்பல்லை வலது பக்கம் வைத்தவனில்லை. கடிகாரக்காரர் ஆறுதல் சொன்னார், இன்னொரு விமானம் செய்துவிடலாம் சார், ஒரு இறக்கை ரெடியாக இருக்கிறதே என்றார். சிரித்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும், கோபமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அவரை அனுப்பிவிட்டு, எங்கே தப்பு நடந்தது என்று பார்க்க வரைபடத்தை எடுத்தேன். தாள் காய்ந்திருந்தது.

உனக்குப் புரியாது, சொல்கிறேன். எங்கள் வரைபடங்களில் ஒரு இறக்கைதான் வரைந்திருக்கும். அதன் மேலேயே மரத்தை வைத்துக் குண்டூசி குத்தி ஒட்ட வேண்டும். அது முடிந்ததும் தாளைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டால் அதே கோடு வலது இறக்கை ஆகிவிடும். ஆனால் பின்பக்கம் கோடு தெரியாது, அதற்காகத் தாளில் எண்ணெய் தடவுவார்கள், எண்ணெய் ஊறினால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த நாலு விமானத்துக்கும் எண்ணெய் தடவியது அம்மா. நான் இடது இறக்கையை முடித்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள், தாள் எண்ணெய் தடவி, துடைத்து, திருப்பி, நாலு மூலையிலும் டேப் ஒட்டி மேஜையில் இருக்கும். சமையலுக்கு இல்லைன்னாலும் இவருடைய விமானத்துக்கு எண்ணெய் இருக்கணும் என்று முனகிக்கொண்டே செய்வாள். சுவரில் இருந்த பட்டியலைப் போய்ப் பார்த்தேன். நாற்பத்தொரு வேலையில் அது இல்லை. அதற்கு முன் நாலு விமானத்துக்கு எழுதிய பட்டியல்களும் டிராயரில் இருக்கின்றன, அவற்றையும் எடுத்துப் பார்த்தேன், எதிலும் இல்லை. பதினெட்டு வருஷமாக அது ஒரு வேலை என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சமையலறைக்குப் போய் எண்ணெய் பாட்டிலைத் தேடினேன். அதன் பின்னால் ஒரு துணித்துண்டு மடித்து வைத்திருந்தது, நீல நிறம், உன் பள்ளிக்கூடச் சட்டையின் கை என்று நினைக்கிறேன், எண்ணெய் ஊறி விறைத்துப் போயிருந்தது. அவ்வளவு எண்ணெய் வேண்டியதில்லை என்பது முழுத்தாளும் நனைந்த பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு தடவ வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எதுவும் தெரியாது. ஜன்னலில் ஒட்டி வைத்து இரண்டு நாள் வடிய விட்டேன். அப்புறம் திருப்பிப் போட்டு வலது இறக்கையை மறுபடி செய்தேன், இந்தத் தடவை சரியாக வந்துவிட்டது. நேற்று மாட்டிவிட்டேன். விமானம் இப்போது இரண்டு இறக்கையோடு நிற்கிறது. இடது பக்கம் வெள்ளி நிறம், போட்டோவில் உள்ள எண், போட்டோவில் உள்ள ஒட்டுப் போட்ட தகரம்கூட இருக்கிறது. வலது பக்கம் மொட்டை மரம். கதவு எங்கே என்று தெரியாது. அதில் தாத்தா என்ன செய்தார் என்று தெரியாது. முப்பத்தைந்தாவது வேலையில் நிற்கிறேன்.

உனக்கு ஐந்து ஆறு வயசிருக்கும்போது, தூங்க வைக்க அம்மா கதை சொல்வாளே, அதில் கதவுக் கதை என்று ஒன்றை நீ திரும்பத் திரும்பக் கேட்பாய். நான் பக்கத்து அறையில் இருப்பேன். கதவுக் கதை, கதவுக் கதை என்று நீ காலை உதைப்பது கேட்கும், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். நடுவில் சொன்னது கேட்காது. அது இந்தக் கதவாகத்தான் இருக்க வேண்டும்.

குட்டிம்மா, நான் கேட்க வந்தது இரண்டு விஷயம். விமானத்தின் வலது பக்கத்தை நான் பார்த்ததில்லை. அந்த மத்தியானம் மூன்று பத்திலிருந்து நாலு இருபத்தைந்து வரை அந்த அறையையும் நான் பார்க்கவில்லை. இரண்டும் உனக்குத்தான் தெரியும். அவள் அந்த நேரத்தில் ஏதாவது பேசினாளா, நான் எங்கே என்று கேட்டாளா, வாசல் பக்கம் பார்த்தாளா, அப்பா எதையோ கொண்டு வரப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னாளா, சொல்லாமல் ரகசியமாகவே வைத்துக்கொண்டாளா. ஏழு மாதமாக உன்னிடம் கேட்கவில்லை. கேட்கிற தகுதி இல்லை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். நல்லபடியாகத் திருத்திச் சொல்லாதே. நடந்ததை நடந்தபடி எழுது. உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நீ அன்று கூட இருந்தாய் என்பதே எனக்குப் போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். விமானத்தின் உடலை இடது பக்கமாக வரைந்து, எண்ணெய் தடவித் திருப்பியது, ஆக இப்போது அது வலது பக்கம். உள்ளே வெறுமையாக இருக்கிறது. கதவை நீ அதில் வரைந்து அனுப்பு, அதில் தாத்தா என்ன செய்தார் என்று அம்மா சொன்னாளோ அதையும் வரை. பால்பாயிண்ட் பேனா எண்ணெயில் ஓடாது, மெழுகுப் பென்சில் எடுத்துக்கொள், சின்னக்குட்டியிடம் இருக்கும். உனக்கும் மறந்துபோயிருந்தால் கற்பனையாக எதையும் போடாதே, வெறும் தாளையே அனுப்பிவிடு. அந்தப் பக்கத்தை மரமாகவே விட்டுவிடுகிறேன், ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் யாருக்கும் தெரியாது. உபரியாக இருக்கிற இடது இறக்கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, மாப்பிள்ளைக்கு முதுகு சொறிய வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

நீ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டேன், ஏழெட்டு மாதமாக என்றார். அங்கே யாராவது பல் டாக்டரிடம் அச்சு எடுத்து எனக்கு அனுப்பு, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள உறை செய்து அனுப்புகிறேன், கை இன்னும் நடுங்கவில்லை. சின்னக்குட்டிக்கு ஆடுகிற பால்பல்லை நூல் கட்டி இழுக்காதே, அது தானாக விழும், அவள் நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கட்டும், அது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு. நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் காதில் வாங்கிக்கொண்டு, நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உங்கள் தலைமேல் இருக்கிறது.

மறந்துவிடாதே, தாளை வெயிலில் வைக்காதே, மடிப்பில் கிழிந்துவிடும். இதை எழுதும்போது அழுதேன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை, சித்தியிடமும் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் ஒரு பொய் சொல்லிப் பட்டது போதும். கடிதத்தில் இரண்டு மூன்று இடத்தில் எழுத்து ஊறிக் கலங்கியிருக்கும், பார்த்துவிட்டு வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. அது எண்ணெய்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக விமானத்தின் வலது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்
அப்பா